உடன்பயில்வோர்க்குக் கற்பித்தல்: ஆர்வமும் பயிற்சியும்

(கல்வி உதவி வழங்கும் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிகளில் ஆண்டுதோறும் நிகழும் ஒன்று உண்டு. பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்று, ஊரார் பாராட்ட, நகரத்துக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவர் முதற்பருவத் தேர்வில் ஒரு தாளில் தோற்றுவிடுகிறார். பேராசிரியரிடம் சென்று ஐயம் கேட்கக் கூச்சம். ஊரிலுள்ள பெற்றோரிடம் சொல்ல அச்சம். விடுதியின் அடுத்த அறையிலேயே அத்தாளில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மூத்த மாணவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் துணிந்து அவரிடம் நோட்டை நீட்டுகிறார். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். “இது மிக எளிதாயிற்றே, இதுகூடத் தெரியவில்லையா?” என்ற சொல் வரும். அல்லது, மூத்தவர் பேனாவை வாங்கித் தாமே கணக்கைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். முதலாவது, கேட்டவரின் வாயை அடைத்துவிடும். இரண்டாவது, அவரை அடுத்த கணக்குக்கும் அதே அறைக்கு வரச் செய்யும். இரண்டிலுமே உதவியவருக்குத் தீய நோக்கம் இல்லை. பாட அறிவிலும் குறையில்லை. இல்லாதது பயிற்சி ஒன்றே.

நன்கு கற்றவர் எல்லாரும் நன்கு கற்பிப்பவர் ஆகிவிடுவதில்லை. உடன்பயிலும் மாணவருக்கு உதவ முன்வரும் மாணவரை இவ்வுரையில் ‘மாணவ வழிகாட்டி’ என்று குறிப்பிடலாம். அவருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதும், அப்பயிற்சியின் உயிர்நாடி எது என்பதும் இன்றைய உரையின் பொருள்.

இக்கருத்து தமிழுக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணச் சான்றோர் என்பதை இந்த அவைக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குமுன், அந்நூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் எத்தகையவர், மாணாக்கர் எத்தகையவர், கற்பிக்கும் முறை யாது, கற்கும் முறை யாது என்று வகுத்துரைக்கிறது. அங்கே வியப்பூட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்ளத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது காற்பங்கு அறிவே. ஒரே சாலையில் பயிலும் மாணவரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் நிரம்பும். அறிவின் முக்காற்பங்கு ஆசிரியர் பாடம் சொல்லி முடித்த பிறகுதான் விளைகிறது என்று ஓர் இலக்கண நூல் சொல்வது எண்ணத்தக்கது.

ஆனால் ‘செவ்வையாக’ என்னும் சொல்லைத் தாண்டிச் சென்றுவிடலாகாது. எவ்வாறு உரைத்தால் செவ்வை என்பதற்கும் நன்னூல் விடை தருகிறது. ஏற்ற காலமும் இடமும் தேர்தல், சொல்லப்போவதை முதலில் தன் உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளல், அவசரப்படாமை, சினங்கொள்ளாமை, முகமலர்ச்சி, கேட்பவர் எவ்வாறு ஏற்பார் என்பதை அறிந்து அதற்கேற்பக் கொடுத்தல் ஆகியவை அவ்விடை. ஆசிரியராகத் தகாதவர்க்கு அது காட்டும் உவமைகளும் இன்றைய மாணவ வழிகாட்டிகளுக்கு அப்படியே பொருந்தும். கழற்காயைப் போட்டு வைத்த குடத்திலிருந்து, போட்ட வரிசையில் காய் வெளிவராது. முன்னுக்குப்பின் முரணாகச் சொல்பவர் அத்தகையவர். கருக்கு நிறைந்த மட்டைகளையுடைய பனையில் ஏறிப் பறிக்க இயலாது, தானாக விழுந்தால்தான் உண்டு. அணுக முடியாத அறிவாளி அவர். பஞ்சை அடைத்த குண்டிகையில் திணிப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. வளைந்த தென்னை, நீர் ஊற்றியவர் தோட்டத்தை விட்டு அடுத்தவர் தோட்டத்தில் காயை உதிர்க்கும். தன்னை நம்பி வந்தவரை விட்டுவிட்டுத் தனக்கு வேண்டியவருக்கே உதவுபவர் அவர்.

மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறை உலகில் பரவியதில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட இல்லத்தின் கண்காணிப்பாளரானார். இங்குள்ள பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். உதவி ஆசிரியர் அதில் ஊக்கம் காட்டவில்லை. பெல் அப்பணியை மாணவன் ஒருவனிடமே ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். நாளடைவில் அப்பள்ளியின் பெரும்பகுதிக் கற்பித்தலும் மாணவர் கைக்கே வந்தது. 1796இல் பெல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு இம்முயற்சியை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இத்தகைய பள்ளியை நடத்தினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் அளித்த பொருளால் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே அழைக்கப்படுகிறது.

இவ்வளவு புகழ்பெற்ற முறை ஏன் நிலைக்கவில்லை? ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் பாடம் நடத்தலாம் என்பதே அதன் கவர்ச்சியாகிவிட்டது. சட்டாம்பிள்ளையாக நின்ற சிறுவன் தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே அடுத்த வரிசைக்குச் சொன்னான், அவர்கள் ஒப்பித்தார்கள். ஒருவனுக்குப் பாடம் ஏன் விளங்கவில்லை என்று கண்டறிய அச்சிறுவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவன் ஒலியைக் கடத்தினான், பொருளைக் கடத்தவில்லை. பின்னர் 1846இல் இங்கிலாந்து அரசு வேறொரு திட்டத்தை வகுத்தது. 13 வயதில் சேரும் மாணவ ஆசிரியர் 5 ஆண்டுகள் பழகுநராக இருந்து, கற்பித்தலோடு தலைமையாசிரியரிடம் தாமும் பாடம் கேட்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பயிற்சியின்றி மாணவரை ஆசிரியராக்க இயலாது என்ற பாடத்தைக் கற்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

பல்கலைக்கழகங்கள் இதே பாடத்தைத் தம் வழியில் கற்றது 1970களில். 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கதவுகளை அகலத் திறந்தது. அந்நகரில் உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடித்த எவரும் அதன் கல்லூரிகளுள் ஒன்றில் சேரலாம் என்றாயிற்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களுக்கென உதவி மையங்கள் அமைக்கப்பட்டன, ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆனால் உதவி தேவைப்பட்டவர்களுள் பலர் அங்கு வரவில்லை. புரூக்ளின் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கென்னத் புரூஃபி என்னும் பேராசிரியர் இதற்குக் காரணம் தேடினார். எந்த வகுப்பறை தங்களுக்குக் கைகொடுக்கவில்லையோ அதன் நீட்சியாகவே அவ்வுதவி மாணவர்களுக்குத் தோன்றியது என்பது அவர் கண்ட விடை. எனவே அவர் மாணவர்களையே மாணவர்களுக்கு உதவியாக அமர்த்தினார்.

அமர்த்தியதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. கட்டுரை எழுதுவதில் உதவப்போகும் மாணவர்கள் அதற்கென ஒரு பாடத்தை எடுத்துப் படித்தார்கள். தாமே கட்டுரை எழுதினார்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துக் கருத்துரைத்தார்கள். அதற்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. எடுத்தவுடன் நன்று, தீது என்று தீர்ப்புச் சொல்லலாகாது. இந்தப் பத்தி என்ன சொல்கிறது, கட்டுரையில் அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் விவரிக்க வேண்டும். அதன் பிறகே மதிப்பீடு. பிழையைத் தேடும் கண்ணை முதலில் மூடிவைத்து, எழுதியவர் என்ன சொல்ல முயன்றார் என்று பார்க்கும் கண்ணைத் திறக்கச் செய்யும் பயிற்சி இது. பிறருடைய விமரிசனத்துக்குத் தாமும் ஆளானவர்களாதலால், விமரிசிக்கப்படுபவரின் உள்ளம் எப்படித் துடிக்கும் என்பதையும் அவ்வழிகாட்டிகள் அறிந்திருந்தார்கள்.

கூடிப் படிப்பதன் தேவையை வேறொரு கோணத்தில் காட்டியவர் யூரி ட்ரைஸ்மன். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் நுண்கணிதம் பயின்ற மாணவர்களின் அன்றாட வாழ்வைக் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பலர் அப்பாடத்தில் தோற்றார்கள். முயற்சி போதாது, குடும்பத்தின் ஊக்கம் போதாது, முன்னறிவு போதாது என்றெல்லாம் ஆசிரியர்கள் கருதினார்கள். அவர் கண்டது வேறு. அம்மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். அறையைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். விடை தவறினால் தமக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்தார்கள். சீன வழிவந்த மாணவர்களோ தனியே படித்துவிட்டு, பின்னர் கூடி அமர்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு வராதது மற்றவருக்கும் வரவில்லை என்றால், குறை தம்மிடம் இல்லை, கணக்கே கடினம் என்று அறிந்தார்கள். இந்த அறிதல் சிறியதன்று. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குச் சென்று விடுதி அறையில் தனியே விழித்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிசூரி மாநிலத்தின் கான்சஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் என்னும் அம்மையார் 1973இல் தொடங்கிய திட்டம் மூன்றாவது சான்று. அவர் செய்த மாற்றம் எளியது, ஆனால் ஆழமானது. ‘தோற்கக்கூடிய மாணவர்’ என்று எவர் மீதும் முத்திரை குத்தாமல், ‘பலரும் தோற்கக்கூடிய பாடம்’ எது என்று பார்த்தார். 100 பேரில் 30 பேர்க்குமேல் தோற்கும் அல்லது இடையில் விட்டுவிடும் பாடம் அத்தகையது. அப்பாடத்தில் முன்பே நன்கு தேர்ந்த மாணவர் ஒருவர் வழிகாட்டியாக அமர்த்தப்படுவார். அவர் வகுப்புக்கு மீண்டும் வந்து, மற்ற மாணவரோடு அமர்ந்து, குறிப்பெடுப்பார். பிறகு வாரந்தோறும் சில முறை கூட்டம் நடத்துவார். விரும்பும் எவரும் வரலாம். முதல் மதிப்பெண் பெறுபவரும் வருவர், தடுமாறுபவரும் வருவர். ஆகவே அங்கு வருவது இழிவு என்ற எண்ணம் எழவில்லை. 1981இல் அமெரிக்கக் கல்வித்துறை இதனைச் சிறந்த திட்டமாக ஏற்றுக்கொண்டது. இன்று ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய நாடுகளிலும் இது நடைபெறுகிறது.

இத்திட்டத்தின் வழிகாட்டிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அவர் மீண்டும் விரிவுரை நிகழ்த்தக் கூடாது. தம்மிடம் வரும் வினாவை உடனே விடையாக்காமல், அங்குள்ளவர்களிடமே திருப்பிவிட வேண்டும். “இதைப் பற்றி வகுப்பில் என்ன குறித்தீர்கள்? உங்கள் குறிப்பில் எங்கே இருக்கிறது? வேறு யாராவது இதை வேறு விதமாகப் போட்டீர்களா?” என்று கேட்க வேண்டும். விடை தெரிந்தவர் விடையைச் சொல்லாமல் இருப்பது எளிதன்று. அதனால்தான் பருவம் தொடங்குமுன்னரே அவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. தொடக்க வாரங்களில் பொறுப்பாளர் நேரில் வந்து ஓர் ஓரத்தில் அமர்ந்து கவனித்து, பின்னர் தனியே அழைத்துப் பேசுகிறார்.

பயிற்சியின் உயிர்நாடி எது என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது. தெரிந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு, கேட்பவரின் எண்ணம் எங்கே தடம் மாறியது என்று கண்டறிவதே அது. ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும்.

முதலாண்டு வேதியியல் மாணவி ஒருவரிடம் ஒரு கணக்கு. 36 கிராம் நீரில் எத்தனை மோல் உள்ளன? ஒரு மோல் நீரின் நிறை 18 கிராம். அம்மாணவி 36ஐ 18ஆல் பெருக்கி 648 என்று எழுதி மூத்த மாணவியிடம் காட்டுகிறார். பயிற்சியில்லாத மூத்தவர் என்ன செய்வார்? “பெருக்கக் கூடாதும்மா, வகுக்க வேண்டும். விடை 2” என்பார். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்த கணக்கு: 3 மோல் நீரின் நிறை என்ன? மாணவி சற்றுமுன் கற்ற விதிப்படி 3ஐ 18ஆல் வகுக்கிறார். விடை கிடைத்தது; அறிவு கிடைக்கவில்லை.

பயிற்சி பெற்றவர் வேறு விதமாகத் தொடங்குவார்.

“மோல் என்றால் என்ன என்று உன் சொல்லில் சொல்லேன், பார்க்கலாம்.”

“சரியாகத் தெரியவில்லை, அக்கா.”

“பரவாயில்லை. ஒரு டஜன் என்றால்?”

“பன்னிரண்டு.”

“மோலும் அப்படி ஓர் எண்ணிக்கைதான், மிகமிகப் பெரிய எண்ணிக்கை. அத்தனை நீர் மூலக்கூறுகளை எடுத்து எடைபோட்டால் 18 கிராம். அப்படியானால் 18 கிராம் நீரில் எத்தனை மோல்?”

“ஒன்று.”

“36 கிராமில்?”

இங்கே மூத்தவர் பேசாமல் காத்திருக்கிறார். சில நொடிகள் செல்கின்றன.

“இரண்டு. அப்படியானால் எனக்கு 648 எப்படி வந்தது, அக்கா?”

அந்தக் கடைசி வினாவே வெற்றி. அதைக் கேட்டவர் மாணவி. பிழையைப் பிறர் காட்டாமல் தாமே கண்டுகொண்டார். இனி வகுப்பதா, பெருக்குவதா என்று அவர் விதியைத் தேட மாட்டார், பொருளைத் தேடுவார். இவ்வளவு நேரமும் பேனா யார் கையில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அது இளையவர் கையைவிட்டு அகலவே இல்லை.

மேற்கண்ட உரையாடலில் மிக அரிய பகுதி அந்தச் சில நொடி மௌனம். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். வினாவை எழுப்பிய ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் விடை வராவிட்டால் தாமே பேசத் தொடங்கினார்கள். அக்காத்திருப்பை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. ‘தெரியாது’ என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறவாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் காக்கக் கற்பது ஒரு பயிற்சியா என்று சிலர் நகைக்கலாம். செய்து பார்த்தவர்க்குத் தெரியும் அதன் அருமை.

பயிற்சியின் மற்றொரு கூறு எல்லை அறிதல். கல்லூரியில் கொடுத்த ஒப்படைப்பை வழிகாட்டி எழுதித் தரக் கூடாது. அது உதவியன்று, ஏமாற்று. ஆசிரியரைப் பற்றிக் குறை பேசுவதில் சேரலாகாது. இத்தனை மதிப்பெண் வரும் என்று வாக்குறுதி தரலாகாது. ஒருவரின் தடுமாற்றத்தை மற்றவரிடம் சொல்லலாகாது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்கலாகாது. எல்லாவற்றினும் மேலாக, பாடத்தைப் பற்றிப் பேச வந்தவர் குடும்பத் துயரையோ, மனச்சோர்வையோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தையோ வெளியிட்டால் அதைத் தாமே சுமக்க முயலாமல், பரிவோடு கேட்டு, உடனே உரிய பெரியவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லத் தெரிந்திருக்க வேண்டும். மாணவர் தம் துயரை முதலில் சொல்வது பெரும்பாலும் இன்னொரு மாணவரிடமே. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை முன்பே அறிந்திருத்தல் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

இவற்றைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் வராது. பயிற்சிக் கூடங்களில் ஒருவர் மாணவராகவும் ஒருவர் வழிகாட்டியாகவும் நடித்துப் பழகுகிறார்கள். மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுக்கிறார். பின்னர் மூவரும் இடம் மாறுகிறார்கள். பணி தொடங்கிய பின்னும் குறித்த இடைவெளியில் கூடி, எது கைகொடுத்தது, எது தவறியது என்று பேசுகிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி வாசிப்பு மற்றும் கற்றல் சங்கம் 1989 முதல் இத்தகைய பயிற்சித் திட்டங்களுக்குச் சான்றளித்து வருகிறது. முதல் நிலைக்கு 10 மணி நேரப் பயிற்சியும், 25 மணி நேரம் நேரில் கற்பித்த பட்டறிவும் வேண்டும் என்பது அச்சங்கம் நெடுங்காலம் கடைப்பிடித்த அளவு. பயிற்சி என்றவுடன் ஈராண்டுப் பட்டம் என்று மலைக்க வேண்டியதில்லை என்பதற்காக இவ்வெண்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கு ஒரு மறுப்பும் எழக்கூடும். தோழமையால்தானே இம்முறை பயன் தருகிறது? பயிற்சி கொடுத்து அத்தோழரையும் இன்னோர் ஆசிரியராக்கிவிட்டால் தோழமை போய்விடாதா? 1987இல் ஜான் டிரிம்பர் என்னும் அறிஞர் இதே வினாவை எழுப்பினார். தோழர் என்ற நிலையும் கற்பிப்பவர் என்ற நிலையும் ஒருவரை இரு பக்கம் இழுக்கின்றன என்றார் அவர். முதலில் உடன் கற்பவராக இருக்கப் பழக்க வேண்டும். கற்பிக்கும் நுட்பங்களைப் பட்டறிவு வளர வளரப் பின்னர் சேர்க்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அம்மறுப்பு நியாயமானதே. அதிகாரத் தொனியைக் கற்றுத்தரும் பயிற்சி தோழமையைக் கெடுக்கும். செவிசாய்க்கக் கற்றுத்தரும் பயிற்சி தோழமையை வளர்க்கும். எழும்பூர் முறைக்கும் புரூக்ளின் முறைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

இம்முயற்சியால் உதவி பெறுபவர் மட்டுமா பயனடைகிறார்? விஸ்கான்சின், மெய்ன், மார்க்கெட் ஆகிய மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவராக இருந்தபோது எழுத்துப் பயிற்சியில் பிறர்க்கு உதவிய 126 பேரிடம், அவர்கள் படிப்பை முடித்துச் சென்ற பின் கருத்துக் கேட்டு, 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிறர் சொல்வதைக் கூர்ந்து கேட்கும் பழக்கம், தன்னம்பிக்கை, எழுத்தையும் சிந்தனையையும் புதிதாகப் பார்க்கும் பார்வை ஆகியவை அப்பணியால் தமக்குக் கிடைத்தன என்றும், தொழிலிலும் குடும்பத்திலும் அவை துணைநிற்கின்றன என்றும் அவர்கள் கூறினார்கள். நன்னூல் சொன்ன அரைப்பங்கு இதுதான். கொடுப்பவருக்குக் குறையாமல், கொடுக்கக் கொடுக்க நிறைவது கல்வி.

அவையோரே, இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும், மாணவர் மாணவருக்குக் கற்பிப்பதைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மேற்பார்வையில் ஊக்குவிக்கலாம் என்கிறது. ஆனால் அரசும் பல்கலைக்கழகமும் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டிய தேவை ஒரு சமுதாய அறக்கட்டளைக்கு இல்லை. கல்வி உதவித்தொகை கட்டணத்தைச் செலுத்தும். கட்டணம் செலுத்திய பிள்ளை பாடத்தில் தோற்றுத் தளர்ந்துபோனால் அத்தொகையின் நோக்கம் நிறைவேறாது. தொகையோடு ஒரு தோழரையும் கொடுத்தால் அவ்வுதவி முழுமை பெறும்.

அதற்கு வேண்டியது பெரும்பொருளன்று. முன் ஆண்டுகளில் உதவி பெற்று இன்று மூன்றாம், நான்காம் ஆண்டில் பயிலும் மாணவருள் விருப்பமுள்ள பத்துப் பேர் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் பொறுப்பேற்கலாம். இரண்டு வார இறுதிகளில் 10 மணி நேரத்தை இவ்வாறு பகுத்துக்கொள்ளலாம்: கேட்டலும் வினவலும் 3 மணி; நடித்துப் பழகல் 3 மணி; எல்லை அறிதலும், துயருற்றவரை உரியவரிடம் சேர்ப்பித்தலும் 2 மணி; நேரத்தை வகுத்தல், குறிப்பெடுத்தல், தேர்வுக்கு ஆயத்தமாதல் ஆகியவற்றை இளையவர்க்கு எவ்வாறு காட்டுவது என்பதற்கு 2 மணி. அதன்பின் வழிகாட்டி ஒருவருக்கு முதலாண்டு மாணவர் இருவரோ மூவரோ. வாரம் ஒருமுறை, நேரிலோ தொலைபேசியிலோ, ஒரு மணி நேரம். மாதம் ஒருமுறை வழிகாட்டிகள் அனைவரும் பொறுப்பாசிரியரோடு கூடிப் பேச வேண்டும். இந்த மாதக் கூட்டத்தை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடலாகாது. அது நின்றால் பயிற்சி நின்றது. பயிற்சி நின்றால் மீண்டும் பேனாவை வாங்கி விடையை எழுதிக் கொடுக்கும் பழக்கமே தலைதூக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். “உன் படிப்பைப் பார், பிறருக்குச் சொல்லிக் கொடுத்து நேரத்தை வீணாக்காதே” என்று பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். அந்நேரம் வீணாவதில்லை. பிறர்க்கு விளக்கும்போதுதான் தனக்கு எங்கே விளங்கவில்லை என்பது ஒருவருக்குத் தெரியவருகிறது.

மாணவச் செல்வங்களே, இன்று உதவி பெறும் நீங்கள் நாளை உதவப்போகிறவர்கள். உங்களிடம் ஓர் இளையவர் நோட்டை நீட்டும் நாள் வரும். அன்று “இது எளிது” என்று சொல்லாதீர்கள். அது உங்களுக்குத்தான் எளிது. பேனாவை வாங்காதீர்கள். ஒரு வினாவைக் கேளுங்கள், கேட்டபின் காத்திருங்கள். அவர் சொல்வது தவறாக இருந்தாலும் இறுதிவரை கேளுங்கள். அத்தவற்றினுள்ளேதான் அவருக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற வழி இருக்கிறது. இவ்வளவையும் பொறுமையோடு செய்யக் கற்றுக்கொண்டால், உங்களால் ஒருவர் தேர்வில் மட்டுமன்று, தம்மைப் பற்றிய நம்பிக்கையிலும் தேறுவார்.